ஏகலைவன் விரலும் முப்பது விழுக்காடும்

வேடர் குலத்துச் சிறுவன் ஏகலைவன் தானே முயன்று வில்வித்தை கற்றான். கற்றுக் கொடுக்க மறுத்த துரோணர், அவன் கற்ற பிறகு வந்து தட்சணை கேட்டார் — வலக்கைக் கட்டை விரலை! அறுத்துக் கொடுத்தான் அவன். அதனைக் குருபக்தி என்றனர். காலட்சேபக்காரர்கள் உருகி உருகிப் பாடினர். கேட்டோர் கன்னத்தில் போட்டுக்கொண்டு வீடு திரும்பினர். முன்போல் விரைந்து அம்பு எய்ய அவனால் இயலவில்லை என்ற ஒற்றைக் குறிப்போடு பாரதம் அவனை விட்டுவிட்டு அருச்சுனன் பக்கம் திரும்பிவிடுகிறது. விரல் போன வேடன் வீட்டில் அடுப்பு எரிந்ததா? அவன் கொண்டுவரும் இரை எவ்வளவு குறைந்தது? இதைக் கேட்க வேண்டும் என்று புராணிகர் எவருக்கும் தோன்றவில்லை.

கேட்டது ஒரு சட்டம். 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் என்று அதற்குப் பெயர். உழைப்பாளர் நாவில் அது இ.எஸ்.ஐ. அச்சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைப் பார்த்தால் மனித உடல் உறுப்புறுப்பாகக் கணக்கிடப்பட்டிருப்பதைக் காணலாம். கட்டை விரல் முழுதும் போனால் உழைத்து ஈட்டும் ஆற்றலில் 30 விழுக்காடு இழப்பு. ஆட்காட்டி விரல் முழுதும் போனால் 14. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டு விரலோ போனால் 7. ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50. ஒரு கண் போய் மறு கண் நலமாக இருந்தால் 40. எலும்பு போகாமல் ஆட்காட்டி விரலின் நுனிச் சதை மட்டும் வெட்டுப்பட்டாலும் 5.

படிக்கும்போது நெஞ்சு சற்றுக் கூசும். மனிதனின் உறுப்புக்கு இறைச்சிக் கடைபோல் விலைப்பட்டியலா என்று கேட்கத் தோன்றும். தோழர்களே, அந்தக் கூச்சத்தைச் சிறிது நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு எண்ணிப் பாருங்கள். பல்லாயிரம் ஆண்டுகளாக இந்த நாட்டில் விரல் இழந்தவனுக்குக் கிடைத்தது என்ன? 'முன்வினைப் பயன்' என்ற ஒரு சொல். இரக்கமுள்ளவர் எறிந்த ஒரு பிடி சோறு. வினையை அளக்கக் கோல் இல்லை; அதனால் அதற்கு இழப்பீடும் இல்லை. முப்பது என்று எண்ணில் எழுதிய அன்றுதான் விரல் இழப்பு பாவத்தின் கணக்கிலிருந்து விலகி உரிமையின் கணக்குக்கு வந்தது. அளக்கப்பட்டதால் அதைக் கேட்டு வாங்கலாம். குறைத்து அளந்தால் வழக்காடலாம்.

இதைச் சென்னையின் மேற்குப் புறத்தைக் கண்முன் வைத்துப் பேசுவது பொருந்தும். கொரட்டூருக்கு ஒரு பக்கம் பாடி, மறுபக்கம் பட்டரவாக்கம். அதற்கப்பால் அம்பத்தூர், ஆவடி. ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தால் நெல் விளைந்த ஊர்கள். அம்பத்தூரில் 1949இல் மிதிவண்டித் தொழிற்சாலை அமைந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் பாடியில் மோட்டார் வாகனங்களுக்குச் சக்கரமும் பிரேக்கும் மின் கருவிகளும் செய்யும் ஆலைகள் எழுந்தன. அதே பத்தாண்டில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை பிறந்தது. பெரிய ஆலைக்கு வேண்டிய சிறு உறுப்புகளைச் செய்து கொடுக்கும் நூற்றுக்கணக்கான பட்டறைகள். தகட்டை வெட்டவும் வளைக்கவும் துளைக்கவும் பவர் பிரஸ் பொறிகள். காலை வேளையில் கொரட்டூரிலும் பட்டரவாக்கத்திலும் புறநகர் மின்வண்டி கொண்டுவந்து கொட்டும் கூட்டம் இந்தப் பொறிகளை நோக்கித்தான் நடக்கிறது. பிரஸ் பொறியின் மேல் அச்சு இறங்குவதற்கும் தகட்டை எடுக்கக் கை நீள்வதற்கும் இடையே இருப்பது ஒரு கணம். அந்தக் கணம் தவறினால் விரல் போய்விடும்.

ஆயுத பூசையன்று அந்தப் பட்டறைகளைப் பாருங்கள்! பொறிக்குச் சந்தனம், குங்குமம், வாழைக் கன்று, வாசலில் பூசணிக்காய் உடைப்பு, மோட்டாருக்கு எலுமிச்சம்பழ மாலை. இத்தனை காப்பும் இரும்புக்கு! 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21ஆம் பிரிவு கேட்டது பூசணிக்காயை அன்று. இயங்கும் உறுப்புகளைச் சுற்றித் தடுப்பு வேலி கேட்டது. இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் இரு பொத்தான்களை அழுத்தினால் மட்டுமே இறங்கும்படி பிரஸ்ஸை அமைத்தால், விரலை உள்ளே விட்டுக்கொண்டு அதை இயக்கவே முடியாது. இதற்கு மந்திரம் தேவையில்லை; சிறிது செலவும் சிறிது அக்கறையும் போதும். அந்தப் பொத்தான்களில் ஒன்றை, உற்பத்தி வேகம் குறைகிறது என்று கட்டிப் போட்டுவிடுகிற மேற்பார்வையாளர், விபத்து நடந்தவுடன் 'அவன் நேரம் சரியில்லை' என்கிறார். நேரம் என்பது இங்கே யார் மீதும் பழி விழாமல் காக்கும் சொல்.

சட்டம் வந்த வரலாறு ஒரே நாளில் முடிந்த கதையன்று. வெள்ளையர் ஆட்சியில் 1923ஆம் ஆண்டு தொழிலாளர் நட்ட ஈட்டுச் சட்டம் இயற்றப்பட்டு, அடுத்த ஆண்டு சூலையில் நடைமுறைக்கு வந்தது. அது வானத்திலிருந்து விழவில்லை. அதற்கு ஐந்தாண்டு முன்னதாக, 1918 ஏப்ரலில், பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்டிருந்தனர், திரு. வி. க. போன்றோர் அதற்குத் தோள் கொடுத்தனர். 1923இல்தான் சிந்தனைச் சிற்பி சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே நாள் கொண்டாடினார். உழைப்பவன் வாய் திறக்கத் தொடங்கிய பிறகே ஆள்பவன் ஏடு திறந்தான் என்பது எல்லா நாட்டு வரலாறும் சொல்லும் செய்தி. செர்மனியில் 1883இல் நோய்க் காப்பீட்டையும் 1884இல் விபத்துக் காப்பீட்டையும் கொண்டுவந்த பிஸ்மார்க், தொழிலாளரின் தோழர் அல்லர். ஐந்தாண்டுக்கு முன் பொதுவுடைமையாளரை ஒடுக்கச் சட்டம் செய்த அதே பிஸ்மார்க்தான். அடக்குமுறை போதாது என்று கண்டபின் சலுகையைக் கையில் எடுத்தார்.

1923ஆம் ஆண்டுச் சட்டத்தில் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. நட்ட ஈட்டை முதலாளி கையிலிருந்து தொழிலாளி நேரே வாங்க வேண்டும். விரல் போனவன், வேலை கொடுத்தவனையே எதிர்த்து ஆணையர் முன் நிற்க வேண்டும். அவன் வழக்காடுவானா, அடுத்த வேளைச் சோற்றைத் தேடுவானா? 'இந்தா, இதை வைத்துக்கொள். மீண்டும் வேலைக்கு வா' என்று கையில் சிறு தொகையைத் திணித்தால் வாங்கிக்கொண்டு போவான். கொடுத்தாலும் ஒரே தொகை. கல்யாணக் கடனிலோ வட்டிக்காரனிடமோ அது ஒரு மாதத்தில் கரையும். கை மட்டும் வாழ்நாள் முழுதும் வளராது.

இந்த ஓட்டையை அடைக்கும் வழி என்ன? முதலாளிகள் எல்லோரும் ஒரு பொது நிதியில் பணம் கட்டட்டும். தொழிலாளியும் சிறிது கட்டட்டும். இழப்பு நேர்ந்தவனுக்கு அந்த நிதி மாதந்தோறும் கொடுக்கட்டும். அப்போது தொழிலாளி தன் முதலாளியிடம் கையேந்த வேண்டாம். இந்த அடிப்படையில் திட்டம் வகுக்கப் பேராசிரியர் பி. பி. அதார்க்கர் 1943இல் அமர்த்தப்பட்டார். 1944இல் அறிக்கை தந்தார். இங்கிலாந்தில் பெவரிட்ஜ் அறிக்கை 1942இல் வெளிவந்து உலகெங்கும் பேசப்பட்ட காலம் அது. 1948 ஏப்ரலில் நம் நாட்டில் இ.எஸ்.ஐ. சட்டம் பிறந்தது, அதே ஆண்டு சூலையில் இங்கிலாந்தில் தேசிய மருத்துவப் பணி தொடங்கிற்று. அங்கே குடிமக்கள் அனைவருக்கும் மருத்துவம் என்றனர். இங்கே ஆலைத் தொழிலாளிக்கு மட்டும் என்றனர். அந்த 'மட்டும்' என்ற சொல் இன்றுவரை நம்மை விட்டபாடில்லை.

1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் தில்லியிலும் திட்டம் தொடங்கப்பட்டது. தெற்கே வர மூன்றாண்டு ஆயிற்று. 1955 சனவரியில் நம் ஆவடியில் காங்கிரசு மாநாடு கூடிச் 'சோசலிச பாணிச் சமுதாயம்' என்று தீர்மானம் போட்டது அனைவர்க்கும் நினைவிருக்கும். அந்தத் தீர்மானம் ஏட்டில் என்னவாயிற்று என்பது வேறு கதை. அதே 1955ஆம் ஆண்டு கோவையிலும் சென்னையிலும் இ.எஸ்.ஐ. காலடி வைத்தது, ஆவடித் தீர்மானத்தைக் காட்டிலும் அதிகமான அடுப்புகளை அது எரிய வைத்தது என்று சொன்னால் மிகையாகாது.

திட்டம் கொடுப்பது என்ன? பலர் இதனை மருந்துச் சீட்டு என்றே எண்ணுகின்றனர். மருத்துவம் அதில் ஒரு பகுதிதான். நோயுற்றால் ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடு. வேலையில் அடிபட்டு வேலைக்குப் போக முடியாத நாள்களுக்குக் கூலியில் 90 விழுக்காடு, ஆறும்வரை. உறுப்பு போய்விட்டால், மருத்துவக் குழு விழுக்காட்டைக் கணித்த பிறகு, வாழ்நாள் உதவி. உயிரே போனால் குடும்பத்துக்கு உதவி. நோய்க்கால உதவி பெற இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. வேலைக் காயத்துக்கு அந்த நிபந்தனை இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அடிபட்டாலும் உரிமை உண்டு.

கணக்குக்காக நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முழு ஊனத்துக்கு உரிய வீதம் அதில் 90 விழுக்காடு, அதாவது 450. கட்டை விரலுக்கு 30 விழுக்காடு என்றால் நாளொன்றுக்கு 135 ரூபாய்; முப்பது நாளுக்கு 4,050. ஆட்காட்டி விரலுக்கு 14 என்றால் நாளொன்றுக்கு 63, மாதம் 1,890. அவர் மீண்டும் வேலைக்குப் போனாலும் இது நிற்காது. வேறு ஆலைக்குப் போனாலும் நிற்காது. ஓய்வு பெற்றாலும் நிற்காது. மாதம் 15,000 ரூபாய் கூலி வாங்கும் தொழிலாளி இதற்காகக் கட்டுவது ஏறத்தாழ 113 ரூபாய். முதலாளி கட்டுவது ஏறத்தாழ 488. எந்தத் தனியார் காப்பீட்டு நிறுவனம் இந்த விலைக்கு இதைக் கொடுக்கும்?

இத்தனை நல்ல வீட்டுக்கு வாசல் குறுகல். கூலி ஓர் எல்லைக்குள் இருப்பவரே உள்ளே வரலாம். தொடக்கத்தில் மாதம் 400 ரூபாய், பின்னர் 500, 1975இல் 1,000, 1985இல் 1,600, 1992இல் 3,000, 1997இல் 6,500, 2004இல் 7,500, 2006இல் 10,000, 2010இல் 15,000, 2017 சனவரி முதல் நாளிலிருந்து 21,000. விலைவாசி ஒவ்வொரு நாளும் ஏறுகிறது; எல்லையோ பல ஆண்டுக்கு ஒருமுறை தூங்கி விழித்து ஏறுகிறது. இடைப்பட்ட காலத்தில் என்ன நடக்கிறது? சங்கம் போராடிக் கூலி உயர்வு பெறுகிறது. உயர்வு எல்லையைத் தாண்டுகிறது. தாண்டியவர், நடப்புச் சந்தாக் காலம் முடிந்ததும் திட்டத்துக்கு வெளியே நிற்கிறார். பிரஸ் பொறிக்கு இந்த எல்லை தெரியாது. 20,900 ரூபாய்க்காரரின் விரலையும் 21,100 ரூபாய்க்காரரின் விரலையும் அது ஒன்றுபோலவே நசுக்கும். முன்னவருக்கு வாழ்நாள் உதவி. பின்னவருக்கு 1923ஆம் ஆண்டின் பழைய பாதை. கூலி உயர்வைக் கொண்டாடும் கூட்டத்திலேயே இந்த இழப்பையும் எடுத்துச் சொல்லும் சங்கங்கள் எத்தனை?

வாசல் விரிந்த கதையும் உண்டு. அதையும் சொல்ல வேண்டும். கேரளத்தில் 1971இல் ஒரு தொழிலாளி மாலை நான்கரை மணி முறைக்கு மிதிவண்டியில் ஆலைக்குச் சென்றுகொண்டிருந்தார். ஆலைக்கு ஒரு கிலோமீட்டர் தொலைவில், நாலேகால் மணிக்கு, அவருடைய ஆலைக்கே சொந்தமான லாரி அவரை மோதியது. காறை எலும்பு முறிந்தது. இது வேலைக் காயமா? ஆம் என்றது காப்பீட்டு நீதிமன்றம். ஆம் என்றது கேரள உயர்நீதிமன்றம். 'இல்லை, வேலை இன்னும் தொடங்கவில்லை' என்று 1996இல் உச்சநீதிமன்றம் முடித்துவிட்டது. இருபத்தைந்து ஆண்டு நடந்த வழக்கு! ஆலை வாசலுக்கு ஒரு முழம் இப்பால் விழுந்தால் விதி, அப்பால் விழுந்தால் உரிமை என்ற நிலை. 2010ஆம் ஆண்டுத் திருத்தம் 51-இ என்ற பிரிவைச் சேர்த்து இதை மாற்றியது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலோ வேலையிலிருந்து வீடு திரும்பும் வழியிலோ நேரும் விபத்து, நேரமும் இடமும் வேலையோடு தொடர்புடையன என்று நிறுவப்பட்டால், வேலைக் காயமே. கொரட்டூரிலிருந்து இருட்டோடு மிதிவண்டியிலும் ஸ்கூட்டரிலும் பேட்டைக்குப் போகும் ஆயிரக்கணக்கானோரில் எத்தனை பேருக்கு இந்தப் பிரிவு தெரியும்? தெரியாத உரிமையைத் தொழிலாளி கேட்பதெப்படி?

இனி மருத்துவமனைக்கு வருவோம். விழுக்காட்டை எழுதுவது மருத்துவர்; விரலை ஒட்ட வைக்க முடியுமா என்று பார்ப்பதும் மருத்துவர். மருத்துவமனை தாழ்ந்தால் உதவித்தொகையும் தாழும். இந்தப் பகுதித் தொழிலாளிக்குச் சிறு நோய்க்கு அண்டையிலுள்ள இ.எஸ்.ஐ. மருந்தகம், பெரு நோய்க்கும் காயத்துக்கும் அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனை; அதற்கும் மேல் கலைஞர் கருணாநிதி நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை. இதில் அயனாவரம் மாநில அரசின் மேற்பார்வையில், கே.கே. நகர் தில்லியிலுள்ள கழகத்தின் நேரடி ஆட்சியில். மாநிலம் நடத்தும் மருத்துவமனைக்கும் பணத்தின் பெரும்பகுதி கழகத்திலிருந்து வரவேண்டும். எட்டில் ஏழு பங்கு கழகம், ஒரு பங்கு மாநிலம் என்பது நெடுங்கால வழக்கு. சந்தாவை வாங்குவது தில்லி; வரிசையில் நிற்பவரின் ஏச்சை வாங்குவது சென்னை. மாநில சுயாட்சி என்று நாம் பேசும்போது, அது ஏதோ கொடி, கோட்டை பற்றிய பேச்சு என்று சிலர் நகைக்கின்றனர். கட்டுப் போடும் துணிக்கு யார் கையெழுத்திட வேண்டும் என்ற கேள்வியும் அதில் அடங்கும்.

அந்தத் தில்லியின் போக்குக்கு ஓர் எடுத்துக்காட்டு. தொழிலாளர் சந்தாவில் மருத்துவக் கல்லூரிகள் எழுந்தன. காப்பீட்டுத் தொழிலாளியின் பிள்ளை டாக்டராக அங்கே தனி இடம் ஒதுக்கினர். கே.கே. நகர்க் கல்லூரியில் 2013இல் வகுப்பு தொடங்கிற்று. ஆடைத் தொழிலாளியின் மகள் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் — சாதி வழித் தொழில் என்று சாத்திரம் சொன்ன நாட்டில் இது சிறு புரட்சி! ஆனால் 2015இல், கல்லூரி நடத்துவது எங்கள் வேலையன்று என்று கழகம் கை கழுவ முனைந்தது. மாணவர்கள் தெருவுக்கு வந்தனர். கோவைக் கல்லூரியை மாநில அரசு 2016இல் ஏற்றுக்கொண்டது, கே.கே. நகர்க் கல்லூரி கழகத்திடமே நின்றது. கல்லூரி இருந்தால்தான் பெரு மருத்துவமனைக்குப் பேராசிரியர்களும் பயிற்சி மருத்துவர்களும் கிடைப்பர் என்ற எளிய உண்மை சந்தாக் கணக்குப் பார்த்தவர்களுக்குத் தெரியாமல் போனது வியப்பே.

அடுத்தது 2019. 1997 முதல் கூலியில் ஆறரை விழுக்காடாக இருந்த சந்தா — முதலாளி 4.75, தொழிலாளி 1.75 — அந்த ஆண்டு சூலை முதல் நாளிலிருந்து நான்கு விழுக்காடாகக் குறைக்கப்பட்டது: முதலாளி 3.25, தொழிலாளி 0.75. தொழிலாளிக்கு நல்லதுதானே என்பீர்கள். மாதம் 15,000 வாங்குபவருக்கு 150 ரூபாய் மிச்சம். முதலாளிக்கு அந்த ஒரு தொழிலாளிக்கே 225 மிச்சம். நூறு பேர் வேலை செய்தால் மாதம் 22,500. கழகத்திடம் பல்லாயிரம் கோடி இருப்பு இருக்கும்போது சந்தா எதற்கு என்று கேட்டனர். நாம் கேட்பது வேறு. இருப்பு ஏன் சேர்ந்தது? மருத்துவரை அமர்த்தாமல், கருவி வாங்காமல், 'வெளியே எடுத்துக்கொண்டு வா' என்று ஸ்கேனுக்கு அனுப்பியதால் சேர்ந்த பணமும் அதில் இல்லையா? வரிசை நீண்டதால் சலித்துத் தனியார் மருத்துவமனைக்குக் கடன் வாங்கிக்கொண்டு போன தொழிலாளி, தம் சந்தாவைச் செலவிடாமல் கழகத்துக்கு நன்கொடை அளித்துச் சென்றார். அவருக்கு மாதம் 150 ரூபாய் திருப்பித் தந்தது யாருக்குப் பெருமை? எல்லையை 21,000த்திலிருந்து உயர்த்தவும், அயனாவரத்தின் படுக்கைகளுக்கு ஆள் போடவும் அந்தப் பணம் உதவியிருக்கும்.

தமிழ்நாட்டு ஆட்சிகள் சும்மா இருக்கவில்லை. 2009 சூலையில் கலைஞர், உயிர் காக்கும் உயர் சிகிச்சைக்கான காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கினார். ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஒரு லட்சம் வரை அறுவை மருத்துவம். இதயத்தில் ஓட்டை என்றால் கோயிலுக்கு நேர்ந்துகொள்வது ஒன்றே வழி என்றிருந்த வீட்டுப் பிள்ளை அறுவை மேடைக்குச் சென்று பிழைத்து வந்தது. 2012இல் ஆட்சி மாறியபின் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் அது தொடர்ந்தது. 2018இல் ஒன்றிய அரசின் திட்டத்தோடு இணைக்கப்பட்டு ஐந்து லட்சம் வரை என்றாயிற்று. 2022 சனவரியில் வருமான எல்லை 1,20,000 ஆயிற்று. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 திசம்பரில் வந்தது. இவற்றைப் பாராட்டத் தயங்குவோர் ஏழையின் வீட்டில் ஓர் இரவு தங்கிப் பார்த்ததில்லை.

பாராட்டிய வாயாலேயே ஒன்று சொல்வோம். 'காப்பீடு' என்ற சொல்லின் பொருள் இந்தப் பதினைந்து ஆண்டுகளில் மெல்லச் சுருங்கிவிட்டது. காப்பீடு என்றால் மருத்துவமனைக்குப் பணம் என்றே இன்று எல்லோரும் எண்ணுகின்றனர். அட்டையைக் காட்டு, படுக்கையில் சேர், கட்டுப் பிரித்து வெளியே வா! பணம் மருத்துவமனைக்குப் போய்விட்டது, கணக்கு முடிந்தது. வெளியே வந்தவரின் கையில் விரல் இல்லை. மறுமாதம் வாடகை இருக்கிறது. அவருக்கு அந்தத் திட்டத்தில் ஓர் ஏடும் இல்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் காத்தது மருத்துவச் செலவை மட்டுமன்று, கூலியையும் காத்தது. புதிய திட்டங்கள் நோயாளியைக் காண்கின்றன, கூலியாளைக் காணவில்லை. அதனால்தான், 'எல்லோருக்கும் ஐந்து லட்சம் அட்டை இருக்கிறதே, இ.எஸ்.ஐ. எதற்கு?' என்று கேட்கும் முதலாளிக்கும், 'சந்தா பிடிக்காதீர்கள், அட்டை இருக்கிறது' என்று ஏமாறும் தொழிலாளிக்கும் ஒரே விடை: அட்டை காயத்தை ஆற்றும், வாழ்நாள் உதவி தராது.

ஊனமுற்றோர்க்கான மற்ற உதவி கிடைக்காதா என்று கேட்கலாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றது, நல்ல சட்டம். ஆனால் இட ஒதுக்கீடு முதலிய பயன்களுக்கு அது வைத்த வரம்பு 40 விழுக்காடு. மாத உதவித்தொகைகள் இன்னும் கடுமையான ஊனத்துக்கே உரியன. தேசிய ஓய்வூதியத் திட்டம் 80 விழுக்காடு கேட்கிறது. கட்டை விரல் இழந்தவர் அந்தப் படியில் ஏற முடியாது. உலகம் அவரை ஊனமுற்றவர் என்று ஒப்புக்கொள்ளாது. பிரஸ் ஆப்பரேட்டராக எடுத்துக்கொள்ளவும் செய்யாது. இந்த இரண்டுக்கும் இடையே விழுந்து கிடப்பவரைத் தாங்கும் வலை இ.எஸ்.ஐ. ஒன்றே. அதிலும் பெயர் இல்லாவிட்டால் அவர் நேரே தரையில் விழுகிறார்.

பெயர் இல்லாமல் போவது எப்படி? பத்துப் பேர் வேலை செய்தால்தான் சட்டம் பாயும். பன்னிரண்டு பேர் உள்ள பட்டறை ஏட்டில் இரண்டு பட்டறையாகப் பிரியும். ஒன்று அண்ணன் பெயரில், ஒன்று தம்பி பெயரில். அல்லது ஆள் அனைவரும் ஒப்பந்தக்காரரின் ஆள். அந்த ஒப்பந்தக்காரரின் முகவரி தேடினால் கிடைக்காது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகளிடம் எண் என்ன, அட்டை என்ன என்று கேட்டால் விழிக்கின்றனர். வாகன உறுப்புத் தொழிலில் அடிபட்டோரை ஆண்டுதோறும் ஆராய்ந்து வரும் சேஃப் இன் இந்தியா என்ற அமைப்பின் அறிக்கைகள் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன: விபத்து நடந்த பிறகுதான் பலருக்கு இ.எஸ்.ஐ. அட்டையே கிடைக்கிறது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லும் அவசரத்தில் பதிவு நடக்கிறது! அவர்கள் பெரிதும் ஆராய்ந்தது வடக்கே அரியானாவையும் மேற்கே மகாராட்டிரத்தையும். அம்பத்தூர் வேறு உலகம் என்று நம்புவதற்குக் காரணம் எதுவும் தென்படவில்லை.

இங்கே தோழர்கள் நெஞ்சில் பதிக்க வேண்டிய ஒரு சொல் சட்டத்தில் இருக்கிறது. காப்பீடு பெற்றவர் என்பவர் யார்? சந்தா 'கட்டப்பட்டவர்' என்று சட்டம் சொல்லவில்லை. சந்தா 'கட்டப்பட வேண்டியவர்' என்று சொல்கிறது. முதலாளி கட்டாத குற்றம் தொழிலாளியின் தலையில் விழாது. கழகம் உதவியைக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளலாம். இந்த ஒரு சொல் தெரியாததால், 'உன் பெயர் இல்லையே' என்ற குரலைக் கேட்டுத் தலை குனிந்து திரும்பியவர் எத்தனை பேரோ!

2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டமும் 1923ஆம் ஆண்டுச் சட்டமும் 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் இரண்டு அத்தியாயங்களாகச் சுருண்டன. ஆபத்தான தொழிலாயின் ஒரே ஓர் ஆள் இருந்தாலும் இ.எஸ்.ஐ. உண்டு என்ற ஏற்பாடு அதில் வந்திருக்கிறது. இது வரவேற்கத் தக்கது. ஆனால் எது ஆபத்தான தொழில் என்பதைத் தில்லி அறிவிக்க வேண்டும். கூலி எல்லையையும் தில்லியே அறிவிக்க வேண்டும். நான்கு பேர் வேலை செய்யும் கொரட்டூர்ப் பிரஸ் பட்டறை அந்த அறிவிப்புக்குள் வருமா என்பதே நாம் எழுப்ப வேண்டிய கேள்வி. நாடாளுமன்றத்தில் நம் உறுப்பினர்கள் இதைக் கேட்க வேண்டும். இதழ்கள் எழுத வேண்டும்.

அறிவிப்பு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. விபத்து நடந்தால் விபத்துப் பதிவேட்டில் அன்றே எழுத வேண்டும். 24 மணி நேரத்துக்குள் முதலாளி கழகத்துக்கு அறிவிக்க வேண்டும். தனியார் மருத்துவமனையில் சத்தமில்லாமல் சேர்த்து, 'வீட்டில் கதவிடுக்கில் நசுங்கியது' என்று எழுத வைக்கும் தந்திரத்துக்கு இடம் கொடுத்தால் முப்பது விழுக்காடும் கதவிடுக்கிலேயே போய்விடும். மருத்துவக் குழு குறைத்து மதிப்பிட்டால் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது. காப்பீட்டு நீதிமன்றம் இருக்கிறது. அட்டவணை விரலை மட்டும் எண்ணுகிறது. விரல் போனதோடு பிடிப்பும் போயிருந்தால், மணிக்கட்டு மடங்காதிருந்தால், அதையும் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். குழுவின் முன் தனியே நிற்கும் இருபது வயதுப் பையனுக்கு அது தெரியாது. கூடப் போகிற சங்கத் தோழருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.